இரண்டு நிமிடத்தில் ஒரு ஃப்ளோசார்ட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருடத்துக்கும் மேலாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கிடைக்கிற ஒன்றரை மணி நேரத்தில் எனக்குச் சம்பந்தமே இல்லாத எதையாவது படிப்பது பழக்கம். அப்படிப் படித்த ஒரு கையேட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நான் மிகவும் மதிக்கிற கையேடு. ஆனால் அதன் மேல் எனக்கு ஒரு பெரிய புகார் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் எம்எச்கேப் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 'கேப்' என்பது சிகிச்சை இடைவெளி. நோய் இருக்கிறவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சையே போய்ச் சேரவில்லை என்கிற கணக்கு. நம் நாட்டில் நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நோயின் வகையைப் பொறுத்து இது 70 முதல் 92 சதவீதம். ஏழை நாடுகளில் மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு, இருப்பவர்களும் நகரத்தில்தான் இருக்கிறார்கள். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரும் நர்சுமே மனச்சோர்வையும் வலிப்பையும் மனப்பிறழ்வையும் கண்டுபிடித்து வைத்தியம் பார்க்கட்டும் என்பது திட்டம். அதற்காக 2010இல் ஒரு கையேடு வந்தது. 2016இல் இரண்டாம் பதிப்பு. முழுக்க முழுக்க ஃப்ளோசார்ட். ஆமா என்றால் இந்தப் பக்கம் போ, இல்லை என்றால் அந்தப் பக்கம் போ.

என்னைப் போன்ற ஒருவனுக்கு இது எவ்வளவு பிடித்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அத்தையின் பிஸ்கட் டப்பா

இதைத் தேடிப் போனதற்குக் காரணம் என் அத்தை. அப்பாவின் தங்கை. மாமா இறந்த பிறகு ஊரில் தனியாகத்தான் இருந்தார். போன் பண்ணும்போதெல்லாம் தலைவலி, கை கால் குடைச்சல், வயிற்றில் கேஸ், நெஞ்சு படபடப்பு என்று ஏதாவது ஒன்று இருக்கும். "ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா அத்தை?" என்று கேட்டால், "போனேன் தம்பி. ஊசி போட்டாங்க. ரெண்டு நாளைக்குத் தேவலாம்" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். நானும் கடமையை முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

ஆறு வருடம் இப்படியே போச்சு.

பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருக்கு சர்க்கரை மாத்திரையும் கொடுத்துவந்தார்கள். ஒரு நாள் அங்கே பிபி மிஷின் ரிப்பேர். வேறு மிஷின் எடுத்துவர ஆள் போயிருந்ததால் வரிசை நின்றுபோனது. சும்மா உட்கார்ந்திருந்த சிஸ்டர் எதிரில் இருந்த அத்தையிடம், "ராத்திரி தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அத்தை அழ ஆரம்பித்துவிட்டார். அந்தப் பத்து நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்தது. மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுவது, எதிலும் பிடிப்பில்லாமல் போனது, கிணற்றடிக்குப் போகவே பயமாக இருந்தது என்று எல்லாமே. சிஸ்டர் டாக்டரிடம் சொல்ல, டாக்டர் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். எட்டு மாதம் மாத்திரை, மாதம் ஒரு முறை பேச்சு. அத்தை மறுபடி அத்தையானார்.

அடுத்த பொங்கலுக்குப் போனபோது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய பழைய ஓபி சீட்டுகளைக் காட்டினார். புத்தி சும்மா இருக்குமா, எல்லாவற்றையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றினேன். மொத்தம் 41 சீட்டு. தலைவலி அல்லது உடம்பு வலி 22. வயிறு, கேஸ் 11. தலைசுற்றல், படபடப்பு 8. அதில் 33 சீட்டில் ஊசியோ பி காம்ப்ளெக்ஸோ எழுதியிருந்தது. தூக்கம் என்ற சொல் ஒன்றில்கூட இல்லை.

41 முறை அந்த வாசற்படி ஏறியிருக்கிறார். அவர் சிகிச்சைக்கே போகாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. போகிற இடத்தில், கேட்க ஆள் இருந்தும் கேட்க நேரமில்லை. இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டுதான் நான் அந்தக் கையேட்டைப் படித்தேன்.

நல்ல நிரல்

நியாயமாக நல்லதை முதலில் சொல்ல வேண்டும். ஒரு கோட் ரிவ்யூ மாதிரி பார்த்தால், கையேடு நன்றாக எழுதப்பட்ட நிரல்.

மனச்சோர்வுப் பகுதியையே எடுத்துக்கொள்வோம். இரண்டு வாரத்துக்குக் குறையாமல் மனம் சோர்ந்தே இருக்கிறதா, அல்லது முன்பு பிடித்த விஷயங்களில் நாட்டம் போய்விட்டதா என்று கேட்கிறது. பிறகு தூக்கம், பசி, களைப்பு, குற்றவுணர்வு, நம்பிக்கையின்மை. பிறகு அன்றாட வேலை கெட்டிருக்கிறதா. உடனே மாத்திரைக்குத் தாவுவதில்லை. ரத்தசோகையா, தைராய்டா, சத்துக்குறைவா, குடிப்பழக்கமா என்று பார்க்கச் சொல்கிறது. கடந்த ஆறு மாதத்துக்குள் பெரிய இழப்பு ஏதும் நடந்ததா என்று கேட்கிறது, துக்கத்தை நோயென்று எழுதிவிடக் கூடாது என்பதற்காக. தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகவே கேள், கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படாது என்கிறது. நம் ஊரில் படித்தவர்களே பலர் இதற்கு நேர்மாறாக நம்புகிறோம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, வேறொரு பகுதியில் வருகிற ஒரு வரி. காரணம் தெரியாத உடல் தொந்தரவுகளோடு வருகிறவர்களுக்கு வைட்டமின் ஊசி போன்ற பயனில்லாத வைத்தியம் கொடுக்காதே என்று சொல்கிறது. இதை எழுதியவருக்கு ஏழை நாடுகளின் ஓபி எப்படி இருக்கும் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. அத்தையின் 33 சீட்டுகளையும் அவர் பார்த்த மாதிரி இருந்தது.

சரி, பிறகு என்ன புகார்?

நுழைவாயில் எங்கே?

ஒரு நிரலில் உள்ளே நடப்பதெல்லாம் சரியாக இருந்தும், அதைக் கூப்பிடுகிற இடம் இல்லையென்றால் அது ஓடாது. கையேட்டின் ஃப்ளோசார்ட் ஓட வேண்டுமென்றால், எதிரில் இருப்பவருக்கு மனச்சோர்வாக இருக்கலாம் என்ற சந்தேகம் முதலில் டாக்டருக்கு வர வேண்டும். விளக்கம் தெரியாத உடல் வலிகள் மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம் என்று கையேடும் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் காலை பத்து மணி ஓபியில் பாதிப் பேருக்கு உடம்பு வலி. எல்லாருக்கும் ஃப்ளோசார்ட்டை ஓட்ட முடியுமா?

இது புதிதாகத் தெரிந்த சிக்கலும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1975 முதல் 1981 வரை ஏழு நாடுகளில் இதே யோசனையைச் சோதித்துப் பார்த்தது. இந்தியாவில் அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணி. சண்டிகர் பிஜிஐயில் இருந்த என்.என்.விக் முன்னின்று நடத்தியது. அந்தத் திட்டத்தின் பகுதியாக, கொலம்பியா, இந்தியா, சூடான், பிலிப்பைன்ஸ் ஆகிய நான்கு நாடுகளின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 1,624 பேரைச் சோதித்தார்கள். முடிவு 1980இல் வெளிவந்தது. வந்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை. அவர்களில் பெரும்பாலோர் தலைவலி, வயிற்றுவலி, இருமல், பலவீனம் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார்கள். சுகாதார ஊழியர்கள் சரியாகக் கண்டுபிடித்தது மூன்றில் ஒரு பங்கு.

பிற்பாடு கோவாவில் விக்ரம் படேலும் குழுவினரும் செய்த ஆய்வுகளில், வெள்ளைப்படுதல் என்று சொல்லி வருகிற பெண்களிடமும் இதே கதை தெரிந்தது. பலருக்குத் தொற்று இல்லை, அந்தப் புகாருக்கும் மனச்சோர்வு, பதற்றத்துக்கும்தான் வலுவான தொடர்பு இருந்தது. ஆக, நோயாளி என்ன சொல்லிக்கொண்டு வருவார் என்பது 1980லிருந்தே தெரியும்.

ஒரு கணக்கு

இப்போது நேரத்துக்கு வருவோம். உலகெங்கும் டாக்டர் ஒரு நோயாளியோடு செலவழிக்கிற நேரத்தைத் தொகுத்து 2017இல் பிஎம்ஜே ஓப்பன் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஸ்வீடனில் 22.5 நிமிடம். பங்களாதேஷில் 48 வினாடி. இந்தியாவில் ஏறத்தாழ இரண்டு நிமிடம்.

என் பள்ளித் தோழன் ஒருவன் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர். அவன் ஓபியில் சாதாரண நாளில் 120 பேர். 1980ஆம் ஆண்டின் 14 சதவீதத்தைப் போட்டால் 17 பேர். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்தால் 255 நிமிடம், அதாவது நாலேகால் மணி நேரம். மீதி 103 பேருக்கு இரண்டிரண்டு நிமிடம் என்றால் இன்னொரு 206 நிமிடம். மொத்தம் ஏழே முக்கால் மணி நேரத்துக்கு நாலு நிமிடம்தான் குறைவு. அவனுடைய காலை ஓபி நாலு மணி நேரம். மதியத்துக்கு மேல் கர்ப்பிணிகள், தடுப்பூசி, மீட்டிங், ஆன்லைன் என்ட்ரி.

இதை அவனிடம் காட்டியபோது சிரித்தான். "மச்சான், இந்தக் கணக்கைப் போட பி.இ. வேணுமாடா? ஒரு நாள் வந்து வாசல்ல நின்னு பாரு, போதும்."

கையேட்டின் மேல் என் புகார் இதுதான். எந்த மென்பொருளோடும், இது ஓட இவ்வளவு மெமரி வேண்டும், இந்த வெர்ஷன் வேண்டும் என்று ஒரு பட்டியல் முதல் பக்கத்தில் இருக்கும். நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் போகிற இந்தக் கையேட்டின் தொடக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. நடைமுறைப்படுத்துவது பற்றிய பகுதி கடைசியில் வருகிறது, திட்ட அதிகாரிகளுக்கு 2018இல் தனியாக ஒரு கையேடும் வந்தது. ஆனால் ஃப்ளோசார்ட்டைக் கையில் வாங்குகிற டாக்டருக்கு அந்தப் பகுதியை நிறைவேற்றுகிற அதிகாரம் இல்லை. அதிகாரம் இருக்கிறவர் ஃப்ளோசார்ட்டைப் படிப்பதில்லை. நிபந்தனை ஒருவர் கையில், நிரல் இன்னொருவர் கையில்.

நான் எழுதிய ஆப்

குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. 2019இல் நாலைந்து வார இறுதிகளைச் செலவழித்து மனச்சோர்வு ஃப்ளோசார்ட்டை ஒரு ஆண்ட்ராய்டு ஆப்பாக எழுதினேன். தமிழில் கேள்விகள், பெரிய பொத்தான்கள், நெட் இல்லாமலும் ஓடும். ரொம்பப் பெருமையோடு தோழனுக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து லாகை எடுத்துப் பார்த்தால் ஒன்பது முறை திறந்திருக்கிறான். அதில் ஏழு முறை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல். அதாவது வீட்டில், எனக்காக.

"ஆப் நல்லாத்தாண்டா இருக்கு" என்றான். "மொத ஸ்கிரீன்லயே முடிஞ்சா தனியா உக்கார வெச்சுப் பேசுங்கன்னு போட்டிருக்கே. என் ரூம்ல ஒரு பக்கம் பிபி பாக்கறாங்க, இன்னொரு பக்கம் வரிசை நிக்குது. அந்தம்மாகிட்ட வாழப் பிடிக்கலையான்னு நான் கேட்டா, சாயங்காலம் ஊருக்கே தெரிஞ்சுரும். அப்புறம் அது எந்த ஜென்மத்துல இங்க வரும்?"

அந்த வரி கையேட்டிலிருந்து நான் மொழிபெயர்த்தது. மொழிபெயர்க்கும்போது அதை ஓர் அலங்கார வரி என்றே நினைத்திருந்தேன்.

இணைப்பு என்ற சொல்

இந்தத் துறையில் எல்லாரும் சொல்கிற சொல் 'ஒருங்கிணைப்பு'. எங்கள் தொழிலிலும் இந்தச் சொல் உண்டு. இரண்டு சிஸ்டங்களை இணைக்கிறோம் என்றால், இணைத்த பிறகு பழைய சிஸ்டம் புதிய சுமையைத் தாங்குமா என்று பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டோம். சுகாதாரத் திட்டங்களில் பெரும்பாலும் இணைப்பு என்றால் பயிற்சி. இத்தனை டாக்டருக்கு, இத்தனை நர்சுக்குப் பயிற்சி கொடுத்தோம் என்று அறிக்கை போகும். பயிற்சிக்குப் பிறகு எத்தனை நோயாளிகள் இரண்டாவது முறை வந்தார்கள் என்ற எண்ணை அதே அறிக்கையில் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

நம் நாட்டின் அனுபவமே இதற்குச் சாட்சி. 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. வளரும் நாடுகளில் மிக முன்னதாக இப்படி ஒரு திட்டம் போட்டவர்கள் நாம். அதை மாவட்ட அளவில் செய்து பார்க்க 1985 முதல் 1990 வரை நிம்ஹான்ஸ் கர்நாடகத்தின் பெல்லாரியில் ஒரு முன்னோடித் திட்டம் நடத்தியது. அங்கே பயிற்சி மட்டும் கொடுக்கவில்லை. எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஆறு அடிப்படை மருந்துகள் எப்போதும் இருப்பில். எளிமையான கேஸ் ஷீட். மாதாமாதம் அறிக்கை. மாவட்டத்தில் ஒரு மனநலக் குழு, அது கீழே இருப்பவர்களைத் தொடர்ந்து பார்த்து, கேட்டு, திருத்தியது.

இதை மாதிரியாக வைத்து 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் திருச்சி. பிறகு நூற்றுக்கணக்கான மாவட்டங்களுக்குப் போனது. ஆனால் பரவும்போது எளிதில் நகலெடுக்க முடிகிற பாகங்கள்தான் பரவின. பயிற்சி பரவியது, முகாம் பரவியது. மாதாமாதம் பின்னாலிருந்து கேட்கிற ஆள் பல இடங்களில் பரவவில்லை. பல மாவட்டங்களில் இது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநல ஓபியாகச் சுருங்கியது. வேலூர் சிஎம்சியின் மனநல மருத்துவர் கே.எஸ்.ஜேக்கப் பல வருடமாக எழுதிவருகிற விமர்சனம் இது. பெரிய ஆஸ்பத்திரியில் உருவான நோய்ப் பட்டியலை அப்படியே கீழே இறக்கினால் அங்கே அது பொருந்தாது என்பதும் அவர் வாதம். அத்தையின் சீட்டுகளைப் பார்த்த பிறகு எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் விமர்சனம் வருகிறது. டெரெக் சம்மர்ஃபீல்ட், சைனா மில்ஸ் போன்றவர்கள் அடிப்படையையே கேள்வி கேட்கிறார்கள். கடனிலும் பசியிலும் வருகிற துயரத்துக்கு நோய்ப் பெயர் வைத்து மாத்திரை கொடுப்பது என்ன நியாயம், மேற்கத்திய மனநோய் அறிவியலை உலகம் முழுக்க ஏற்றுமதி செய்கிறார்கள் என்கிறார்கள். இதில் பாதி எனக்கு ஒப்புதல். கந்துவட்டிக்கு ஃப்ளூவோக்ஸெடின் மருந்தாகாது. ஆனால் மீதிப் பாதியை அத்தை ஒப்புக்கொள்ளவிட மாட்டார். ஆறு வருடம் அவருக்குக் கிடைத்ததும் மருந்துதான், தப்பான மருந்து. மருந்தே வேண்டாம் என்ற நிலை அங்கே எப்போதும் இருந்ததில்லை.

ஓடிய இடங்கள்

இந்த யோசனை நன்றாக ஓடிய இடங்களும் உண்டு. அவற்றில் என்ன வித்தியாசம் என்று பார்ப்பதுதான் உருப்படியான வேலை.

கோவாவில் நடந்த மானஸ் ஆய்வு 2010இல் லான்செட்டில் வெளியானது. 24 சிகிச்சை இடங்கள், பாதி அரசு, பாதி தனியார். சோதனை இடங்களில், கேள்வித்தாளை வைத்துச் சந்தேகத்துக்குரியவர்களைப் பிரித்தெடுக்க ஓர் உதவியாளர், உட்கார்ந்து பேச ஓர் ஆலோசகர். ஆலோசகர் டாக்டரும் இல்லை, உளவியல் பட்டதாரியாக இருக்க வேண்டியதும் இல்லை, பயிற்சி கொடுத்த உள்ளூர் ஆள். பின்னால் ஒரு மனநல மருத்துவர். அரசு நிலையங்களில் ஆறு மாதத்தில் குணமானவர்கள் 65.9 சதவீதம். ஆலோசகர் இல்லாத அரசு நிலையங்களில் 42.5 சதவீதம்.

தனியார் டாக்டர்களிடம் மட்டும் வித்தியாசமே தெரியவில்லை. ஆலோசகர் இல்லாத தனியார் கிளினிக்குகளிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஏற்கெனவே குணமாகியிருந்தார்கள். ஏன்? என் ஊகம் இது: அந்தக் குடும்ப டாக்டருக்கு நோயாளியைப் பெயர் சொல்லித் தெரியும், பேச நேரமும் இருக்கும். ஆலோசகர் கொண்டுவருகிற பொருள் அங்கே ஏற்கெனவே இருந்திருக்கிறது.

அடுத்தது ஜிம்பாப்வே. தலைநகர் ஹராரேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் 14 பாட்டிமார்களோடு தொடங்கிய வேலை 'ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச்'. அந்தப் பாட்டிமார்கள் புதிதாக எடுத்த ஆட்கள் இல்லை, நகர சுகாதாரத் துறையில் ஏற்கெனவே இருந்தவர்கள். கிளினிக்குக்குள் இடமில்லை என்பதால் வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்ச். மனச்சோர்வு என்ற பெயரே கிடையாது. ஷோனா மொழியில் மக்களே சொல்கிற 'குஃபுங்கிசிசா' என்ற சொல். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். நம் ஊரில் "கண்டதையும் போட்டு யோசிக்காதே" என்கிறோமே, அதேதான். ஆறு அமர்வுகள், ஒரு பிரச்சினையை எடுத்து அதற்கு ஒரு வழி பார்ப்பது. 24 கிளினிக்குகளில் 573 பேரிடம் சோதித்த முடிவு 2016 டிசம்பரில் ஜாமா இதழில் வந்தது. ஆறு மாதத்துக்குப் பின் மனச்சோர்வு அறிகுறி இருந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 13.7 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 49.9 சதவீதம்.

இரண்டு இடத்திலும் நான் பார்ப்பது ஒன்றுதான். டாக்டரின் இரண்டு நிமிடத்துக்குள் யாரும் எதையும் திணிக்கவில்லை. உட்கார்ந்து கேட்பதே வேலையாக உள்ள ஒருவருக்கு நேரத்தையும் இடத்தையும் தனியாக ஒதுக்கினார்கள். அவர் தடுமாறினால் கேட்க மேலே ஒருவரை வைத்தார்கள்.

என் கருத்துக்கு எதிரான சாட்சியையும் வைத்துவிடுகிறேன். 2011இல் தொடங்கி ஐந்து நாடுகளில் நடந்த பிரைம் திட்டம், இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் சேஹோர் மாவட்டத்தில் நடந்தது. அங்கேயும் கேஸ் மேனேஜர் என்று தனி ஆள் வைத்தார்கள். இருந்தும், ஊரளவில் கணக்கெடுத்தபோது மனச்சோர்வுக்குச் சிகிச்சை தேடிப் போகிறவர்கள் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. அதே திட்டம் எத்தியோப்பியாவின் சோடோவில், கடுமையான மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அங்கேயும் மனச்சோர்வைக் கண்டுபிடிப்பதுதான் பெரும் தடுமாற்றமாக இருந்தது. தெருவில் ஓடுகிறவரை ஊரே பார்க்கும், விடியற்காலை மூன்று மணிக்கு முழித்துக் கிடப்பவரை யார் பார்ப்பது? ஆகவே ஆஸ்பத்திரிக்குள் ஓர் ஆளை உட்கார வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லத் துணியவில்லை. சேஹோரில் அந்த ஆள் இருந்தது சமுதாய நல மையத்தில், அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு படி மேலே. கேட்கிற ஆள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

தூரம் என்றால் பஸ் கட்டணம். முதல் தடவை வந்தவரை ஒரு வாரத்துக்குள் மறுபடி பார்க்கச் சொல்கிறது கையேடு. மருந்தை, குணமான பிறகும் 9 முதல் 12 மாதம் தொடரச் சொல்கிறது. மருத்துவ ரீதியில் சரியான வரி. நூறுநாள் வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி. போன நாளில் மருந்து இல்லை என்று சொல்லிவிட்டால் அடுத்த தடவை அவர் வர மாட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 மனநல அட்லஸ்படி, அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிடுகிற பணத்தில் மனநலத்துக்குப் போவது இடைநிலை மதிப்பில் 2.1 சதவீதம். அந்தப் பணத்தில் நேரம், இடம், மருந்து, மேற்பார்வை நான்கையும் வாங்க முடியாது. பயிற்சியைத்தான் வாங்க முடியும். அதனால்தான் எல்லாரும் பயிற்சியையே வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பக்கம் பூஜ்யம்

இவ்வளவு பேசிவிட்டு மாற்று சொல்லாமல் போனால் நியாயமில்லை. கையேட்டின் முன்னால் ஒரே ஒரு பக்கம் சேர்க்கச் சொல்வேன். பக்கம் பூஜ்யம். அதில் ஐந்து கேள்வி. ஒரு நோயாளியோடு பதினைந்து நிமிடம் உட்கார யாருக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது? அவர் பெயர் என்ன? பேச்சு வெளியே கேட்காத இடம் எது? மூன்று மாத மருந்து இருப்பில் இருக்கிறதா? சந்தேகம் வந்தால் யாருக்குப் போன் பண்ணுவது? இந்தப் பக்கத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டியவர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் அல்ல, மாவட்ட அதிகாரி. நிரப்ப முடியவில்லை என்றால் பயிற்சி வகுப்பை ஆரம்பிக்கவே வேண்டாம்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிபி, சர்க்கரை மாத்திரையோடு தன்னார்வலர் அக்காக்கள் வீட்டுக்கே வருகிறார்கள். பஸ் கட்டணம் இல்லை, வரிசை இல்லை, திண்ணையில் உட்கார்ந்து பேசலாம். மரத்தடி பெஞ்சுக்கு நம்மிடம் இருப்பதில் மிக நெருக்கமானது அதுதான். ஆனால் அந்த அக்காக்கள் கையில் இன்னொரு ரிஜிஸ்டரைக் கொடுத்து, அதே நாளில் அதே எண்ணிக்கை வீட்டையும் முடிக்கச் சொன்னால், நாற்பது வருடத் தப்பையே வாசற்படிக்குக் கொண்டுபோன மாதிரி ஆகும். வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டுப் பிறகு கேள்வியைக் கூட்ட வேண்டும்.

அந்த ஆப்பை நான் எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அத்தைக்குப் போன் பண்ணும்போது, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா என்று ஆரம்பிப்பதில்லை. தூக்கம் வருதா என்று கேட்கிறேன். "வருது வருது, நீ நேரத்துக்குத் தூங்குறியா?" என்று திருப்பிக் கேட்கிறார்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தால், ஒரே ஒரு நாள் ஓபி எண்ணிக்கையையும் அது ஆரம்பித்து முடிந்த நேரத்தையும் எழுதி அனுப்புங்கள். என் கணக்கு ஒரே ஒரு தோழனின் ஓபியை வைத்துப் போட்டது. தப்பாக இருந்தால் இங்கேயே திருத்திவிடுகிறேன்.